பூஜையில் இருந்த வரலாற்றுப் புத்தகம்

நியூஜெர்சியில் எங்கள் கவுண்டி கல்லூரியில் அமெரிக்க வரலாறு கட்டாயப் பாடம். முந்தைய செமஸ்டரில் இரண்டு பாடங்களில் கோட்டை விட்டிருந்தேன். இதிலும் போனால் மாணவர் விசா போய்விடும் என்று அலுவலகத்துப் பெண்மணி சிரித்த முகத்துடன் சொல்லியிருந்தார். அங்கே கெட்ட செய்தியை எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

இடைப்பருவத் தேர்வு சரஸ்வதி பூஜையன்று மாலை வந்தது. பக்கத்து ஊரான எடிசனில் ஒரு தோசைக் கடையில் சமையல் வேலை பார்த்த என் அண்ணன், காலையில் கிளம்புமுன் என் பாடப் புத்தகத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பூவும் போட்டுவிட்டுப் போயிருந்தார். மறுநாள் காலைவரை தொடக் கூடாது. அண்ணன் இரண்டாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் புத்தகம் என்று ஒன்று வீட்டுக்குள் வந்ததே என்னால்தான். பூஜைக்கு வைக்க வேறு புத்தகம் கிடையாது.

சிக்கல் என்னவென்றால், அது புத்தகத்தைப் பார்த்து எழுதும் தேர்வு. கடைக்குப் போன் செய்தேன்.

“பாத்து எழுதறதுக்குப் பேரு பரீட்சையாடா? பிட்டு அடிக்கவா உன்னை இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தேன்?”

“வாத்தியாரே பாத்து எழுதச் சொல்றாருண்ணே.”

“அவரு உன்னை ஆழம் பாக்கறாரு. பாக்காம எழுது, அசந்துடுவாரு. டேய், சாம்பார் அடிப்பிடிக்குது, வை போனை.”

தெரியாமல் எடுத்துப் போயிருக்கலாம். பூவைத் திரும்ப அதே மாதிரி வைக்கவும் எனக்குத் தெரியும். ஆனால் விசா தங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வைத்த புத்தகத்தை விசாவுக்காகவே எடுப்பது சரியாகப் படவில்லை. தவிர, புத்தகம் எனக்குப் பெரும்பாலும் மனப்பாடம். பார்த்து எழுதலாம் என்று ஒருவர் சொன்னால் நம்பிவிட முடியுமா?

மாலை தேர்வறையில் பேராசிரியர் என் வெறும் மேசையைப் பார்த்தார்.

“புத்தகம் எங்கே?”

“வீட்டில் சார். இன்று அதைக் கும்பிடுகிறோம்.”

“பலன் உண்டா?”

“அது உங்கள் கையில் இருக்கிறது சார்.”

மற்றவர்கள் சரசரவென்று புரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நிறுத்தாமல் எழுதிப் போய், கடைசிக் கேள்வியில் நின்றேன். கப்பலேறி அமெரிக்கா வந்தவர்கள் சுதந்திரம் தேடி வந்தார்கள் என்கிறார் ஓர் ஆசிரியர். கூலிக்கு வந்தார்கள் என்கிறார் இன்னொருவர். உன் கருத்து என்ன? பாதி மதிப்பெண் இதற்கு. இருவர் சொன்னதையும் வரி மாறாமல் எழுதினேன். என் கருத்து புத்தகத்தில் இல்லை. இருவருமே பாடப் புத்தகத்தில் வந்திருப்பதால் இருவர் சொல்வதும் சரி என்று முடித்தேன்.

மறுவாரம் என் தாளில் மட்டும் மதிப்பெண் போடவில்லை. அறைக்குக் கூப்பிட்டார்.

“இது அவர்கள் சொன்னது. நீ என்ன நினைக்கிறாய்?”

“நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் சார்?”

“கேட்பது நான்.”

படித்த காலம் முழுக்க என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அவர் தன் சாண்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார். பாதி முடித்திருப்பார்.

“கூலிக்குத்தான் சார்” என்றேன். “என் அண்ணன் இங்கே வந்து நாலு வருஷம் ஆகிறது. சுதந்திரம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஓவர்டைம் என்றுதான் சொல்வார்.”

தாளை என் பக்கம் தள்ளினார். “இதை எழுது.”

“எந்த நூல் என்று குறிப்பிட வேண்டும் சார்?”

“உன் அண்ணன் பெயரைப் போடு.”

இனிஷியலோடு போட்டேன். ‘பி’ கிரேடு கொடுத்தார். அந்த செமஸ்டருக்கு விசா தங்கியது.