மரத்தரை வாசலில் ஒரு வாளித் தண்ணீர்

வீட்டுத் தரைக்கு மரம் விற்கப் போகிறேன் என்று நான் கடை திறந்தபோது விருதுநகர் பஜாரில் சிரிக்காத ஆள் இல்லை. கரையானுக்குப் பந்தி விரிக்கப் போறீகளா என்று பக்கத்து பெயிண்ட் கடைக்காரர் கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை அடக்கிக்கொண்டு விளக்கம் சொல்வேன்: இதற்கு இன்ஜினியர்டு வுட் என்று பெயர், முழு மரம் இல்லை, அடியில் ஒட்டுப்பலகை அடுக்கு, மேலே மட்டும் அசல் மரம், அதனால் முழு மரம் மாதிரி சட்டென்று வளையாது. பொறுமையாகக் கேட்டுவிட்டு கிரானைட் வாங்கப் போய்விடுவார்கள்.

சிரிக்காதவர் ஒரே ஒருவர். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலை வைத்திருக்கும் முதலாளி. புது வீடு கட்டிக்கொண்டிருந்தார், நான்கு படுக்கையறைக்கும் மரத்தரை போட ஆசை, கூடவே பயம். நம்ம ஊரிலேயே எங்கேயாவது போட்டுக் காட்டுங்க, ஒரு கோடையும் ஒரு மழையும் தாண்டி நிக்கட்டும், தீபாவளி சீசன் முடிஞ்சதும் வந்து பாக்கேன் என்று சொல்லியிருந்தார். அந்த ஆர்டர் கிடைத்தால் கடை நிற்கும். கிடைக்காவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு நான் பழையபடி சென்னைக்கு வேலைக்குப் போக வேண்டும், மூன்று வயது மகளை அம்மா அப்பாவிடம் விட்டுவிட்டு. கணவருக்குக் கப்பலில் வேலை. வேறு வழி கிடையாது.

ஆகவே மாசி மாதம் அம்மா அப்பா வீட்டு முன்னறையில் போட்டேன். நானும் மகளும் அங்கேதான் இருந்தோம். சிமெண்டுத் தரையில் பாலிதீன் தாளை ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்த்தேன். அடியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. பலகைப் பெட்டிகளை மூன்று நாள் அதே அறையில் அடுக்கி வைத்து, அறையின் சூட்டுக்கு அவை பழகிய பிறகுதான் பிரித்தேன். கீழே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் ஃபோம், அதன்மேல் பலகை. மரம் மூச்சு விட சுவரோரம் ஒரு விரல் இடைவெளி. சொந்த வீடு என்பதால் இரண்டு மடங்கு கவனம்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறைக்குப் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அறையில் ஈரம்தான் உயிர்; காற்று காய்ந்தால் உடம்பிலும் துணியிலும் மின்சாரம் சேர்ந்துவிடும். தரையில் ரப்பர் விரிப்பு, சுற்றிலும் தண்ணீர் தெளித்திருக்கும், வாசலில் வாளித் தண்ணீரும் மணலும். உடம்பில் பருத்தித் துணி மட்டும்தான் இருக்கலாம். உள்ளே போகும் முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டாக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கிற மின்சாரம் அது வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். இறங்காமல் போனால் ஒரு சின்னப் பொறி போதும்.

அந்த அறையில் ஒரு பேச்சு மட்டும் யாரும் பேசக்கூடாது. “ஒண்ணும் ஆகாது” என்கிற பேச்சு. அப்படிச் சொல்லும் ஆளை அப்பா அன்றைக்கே வேறு வேலைக்கு மாற்றிவிடுவார். வீட்டிலும் அதே சட்டம்தான். எனக்குப் பரீட்சை என்றாலும் சரி, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றாலும் சரி, அவர் வாயிலிருந்து “பாத்துக்கிடுவோம்” என்று மட்டும்தான் வரும். ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று அம்மா சண்டை போட்டிருக்கிறாள். அவர் சொன்னதில்லை.

தரை போட்டு முடித்ததும் வீட்டில் சட்டம் போடுவது என் முறை. வாளியும் மாப்பும் உள்ளே வரக்கூடாது. பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒரு துடை. காபி சிந்தினால் அந்த நிமிஷமே துடைக்க வேண்டும். மழைச் சாரல் அடித்தால் முதல் வேலை ஜன்னலைச் சாத்துவது. வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டைக் கழுவிவிடும் அம்மா, தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டு ஒத்துக்கொண்டாள். மகளுக்கு அந்த அறை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பங்குனி வெயிலுக்கு ஏசியைப் போட்டு, பொம்மை படம் போட்ட நைலான் விரிப்பில் நாள் முழுக்கப் புரண்டுகொண்டிருப்பாள்.

வைகாசி பிறந்தபோது பலகைகளின் ஓரம் லேசாகத் தூக்கியது. முதலில் கண்ணுக்குத் தெரியவில்லை, உள்ளங்காலுக்குத்தான் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். வாசல் பக்கமும் விரிப்பைச் சுற்றிலும் பலகைகள் ஓட்டை மல்லாத்தி வைத்த மாதிரி ஓரம் உயர்ந்து நடுவில் குழிந்திருந்தன.

நாலு பலகையைப் பிரித்தேன். ஃபோம் காய்ந்திருந்தது, சிமெண்டும் காய்ந்திருந்தது. ஏசித் தண்ணீர் ஒழுங்காக வெளியே போய்க்கொண்டிருந்தது. ஈரம் பார்க்கும் மீட்டரை வைத்தால் பலகை இணையும் இடத்தில், அதுவும் மேல்பக்கம் மட்டும், எண் ஏறியது. அப்படியென்றால் தண்ணீர் மேலேயிருந்து வந்திருக்கிறது. யாரோ ஊற்றுகிறார்கள். யாராக இருக்கும்? நேரே அடுப்படிக்குப் போய் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை கை சும்மா இருக்காதே என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவள் பிழிந்த துணியைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டு, இனிமேல் உன் தரையை நீயே துடைத்துக்கொள் என்று போய்விட்டாள். அப்பா பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம். மதுரையில் லோடு ஏற்ற வேண்டியிருந்ததால் ஒருநாள் விடியுமுன்பே எழுந்தேன். முன்னறையில் விளக்கு எரிந்தது. இடது கையில் செம்பை வைத்துக்கொண்டு அப்பா தரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். வாசல் தெளிக்கிற மாதிரி வீசி அடிக்கவில்லை. விரல் நுனியால் பொடிப்பொடியாகச் சிதறவிட்டு, தெளித்த இடத்தை மிதிக்காமல் பின்பக்கமாகவே நடந்து வந்தார். மருந்து அறையில் தினமும் செய்தது அப்படித்தான் இருக்க வேண்டும். பிள்ளையின் விரிப்பைச் சுற்றி மட்டும் இன்னொரு தடவை தெளித்தார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். ஆனால் திரும்பி என்னைப் பார்த்த முகத்தில் களவு இல்லை, பயம்தான் இருந்தது.

நான் அதையெல்லாம் பார்க்கிற நிலையில் இல்லை. கத்தினேன்.

“என் கடையே போகப் போகுது உங்களால. இது என்ன மருந்து ரூமா? இங்கன என்னப்பா வெடிக்கப் போகுது?”

அவர் செம்பைக் கீழே வைக்கவில்லை.

“பிள்ளை அந்த நைலான்ல புரண்டு எந்திரிச்சு வந்தா தாயி. முடியெல்லாம் நட்டுக்கிட்டு நிக்குது. ஏங் காதைத் தொட்டா. டப்புனு கேட்டுச்சு. அவ சிரிக்கா. எனக்கு உசுரு போயிட்டு வந்துச்சு.”

“இங்கன மருந்து இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். கைக்குத் தெரிய மாட்டேங்குது.”

நான் பிறப்பதற்கு முன் நடந்ததை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர், கல்யாணத்துக்குப் போய்விட்டு நேரே வேலைக்கு வந்தவர், நைலான் சட்டையோடு தகட்டையும் தொடாமல் உள்ளே போனாராம். அப்பா வெளியே தண்ணீர் எடுக்கப் போன நேரம் அறை வெடித்தது, அவர் பிழைக்கவில்லை. அதற்குச் சற்று முன் சட்டையை மாற்றச் சொன்ன அப்பாவுக்கு அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்தான் அந்த “ஒண்ணும் ஆகாது”. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். அப்பா அதற்குப் பிறகும் முப்பது வருஷம் அதே வேலைக்குப் போனார்.

இத்தனையும் தெரிந்தும் கத்தினேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. முதலில் அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். என்னைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமே என்றாள்.

அப்பா தெளிப்பதை நிறுத்திவிட்டார். கூடவே அந்த அறைக்குள் போவதையும் நிறுத்திவிட்டார். மகள் உள்ளே விளையாடினால் இவர் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர். பிள்ளை தாத்தா வா, தாத்தா வா என்று கூப்பிடுவாள். இந்தா வாரேன் என்பார், எழுந்திருக்க மாட்டார்.

கெட்டுப்போன பலகைகளை மாற்றினேன். நைலானைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜமுக்காளம் விரித்தேன். இன்னொன்றும் ஒத்துக்கொள்ள வேண்டும்: நாள் முழுக்க ஏசி ஓடி காற்று ஒரேயடியாகக் காய்ந்தால் மரத்துக்கும் ஆகாது, சுருங்கி இடைவெளி விடும். தண்ணீரைப் பற்றி மட்டுமே சட்டம் போட்ட நான் அதை விட்டுவிட்டேன். காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டும் ஈரமானி ஒன்றைச் சுவரில் மாட்டினேன். அப்பா வெளியிலிருந்தே கழுத்தை நீட்டி எண்ணைப் பார்த்துக்கொள்வார். ஆனால் உள்ளே வரவில்லை. ஒருநாள் பிள்ளை விழுந்து அழுதபோது எழுந்து வாசல் வரை வந்துவிட்டார். அவர் வலது கை நிலைக்குப் பக்கத்துச் சுவரில், இடுப்பு உயரத்தில், எதையோ தடவித் தேடியது. எதுவும் கிடைக்கவில்லை. அங்கேயே நின்றுவிட்டார்.

மறுநாளே எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். வீட்டுக்குள்ள எதுக்குக்கா என்று அவன் சிரித்தான். நான் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டு, அதே உயரத்தில் கையகலச் செம்புத் தகட்டைப் பதித்து எர்த் கம்பியோடு சேர்த்தான். அப்பா வந்து பார்த்தார். திருகாணியை அசைத்துப் பார்த்தார்.

“எர்த் குழியில கரியும் உப்பும் போட்டியா?”

போட்டாச்சு என்றேன். உள்ளங்கையைத் தகட்டில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போய் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். மகள் மடியில் ஏறிக்கொண்டாள். வாளி மட்டும் இன்னும் ஒரு வாரம் வாசலில் இருந்தது. பிறகு அம்மா அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு வாளியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனாள். அவர் கேட்கவில்லை.

ஐப்பசி மழை அந்த வருஷம் நன்றாகப் பெய்தது. ஜன்னலைச் சாத்துவதும் மிதியடியை மாற்றுவதும் துடைப்பதுமாக வீடே ஓடியது. ஒரு பலகைகூடத் தூக்கவில்லை.

கார்த்திகையில், நாளை வருகிறேன் என்று முதலாளி போன் செய்தார். எனக்கு அப்போதுதான் அந்தத் தகடு உறுத்தியது. பட்டாசுக்காரர் வீட்டுக்கு மரம் விற்கப் பார்க்கிறவள் சொந்த வீட்டு வாசலில் செம்புத் தகடு மாட்டியிருந்தால் என்ன நினைப்பார்? இந்தத் தரையில் ஷாக் அடிக்கும் என்றுதானே நினைப்பார்? மறுநாள் காலை திருப்புளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். ஒரே ஒரு நாளைக்குத்தான், கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டிவிடலாம். ஒரு திருகாணி கழன்றது. நிமிர்ந்தால் அப்பா நிற்கிறார். கழட்டு தாயி, வியாபாரம் முக்கியம் என்றார். சொல்லிவிட்டு, பழைய நாற்காலியை எடுத்து அறைக்கு வெளியே போட்டார்.

கழன்ற திருகாணியை மறுபடி முடுக்கினேன். போனால் கடைதானே போகும், போகட்டும்.

பதினொரு மணிக்கு முதலாளி வந்தார். வெள்ளை வேட்டி, வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். அப்பா உள்ளே ஜமுக்காளத்தில் பேத்தியோடு இருந்தார். நான் தரையைப் பற்றிப் பேச வாயைத் திறப்பதற்குள் முதலாளியின் கை தானாகப் போய்த் தகட்டைத் தொட்டது. தொட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அறையைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. முகம் மாறிவிட்டது. அந்த வாசலைத் தாண்டுவது என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும். என் ஆர்டர் போயிற்று என்றே நினைத்தேன்.

அப்பா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார். ஈரமில்லாத அந்த மரத்தரையில் வெறுங்காலோடு நடந்து வாசலுக்கு வந்தார்.

“வாங்க மொதலாளி, உள்ள வாங்க,” என்றார். “ஒண்ணும் ஆகாது.”