பதினோராவது ஓட்டு

நனைந்த சீப்பால் காதோரம் இரண்டு தட்டுத் தட்டி, “இருபத்திமூணா, அறுபத்தாறா?” என்று ஹைடன் கேட்டால் உடனே பதில் சொல்லிவிட வேண்டும். யோசித்தால் அவனே முடிவு செய்துவிடுவான். அவன் முடிவு செய்த தலையோடு எங்கள் ஊர்ப் பாதிரியார் ஒரு ஈஸ்டர் முழுக்கத் தொப்பியைக் கழற்றாமல் பிரசங்கம் செய்தார்.

கேட்பதெல்லாம் தேர்தல் ஆண்டுகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூன்றில், வெல்ஷ் மலைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் கும்ஹெஸ்க் தொகுதியில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் நாற்பத்தொரு ஓட்டுதான் வித்தியாசம், மூன்று முறை எண்ணினார்கள். எனவே ‘இருபத்திமூணு’ என்றால் நுனியை மட்டும் லேசாகத் தொடுவது, வீட்டுக்காரிக்கே தெரியாது. அறுபத்தாறில் எதிரிகள் அடையாளமில்லாமல் போனார்கள். பின்கழுத்திலிருந்து உச்சிவரை மெஷின் ஓடும். முப்பத்தொன்றில் எதிர்த்து நிற்கவே ஆள் இல்லை. ‘முப்பத்தொண்ணு’ கேட்டால் மொட்டை.

சலூன் சுவரில் கண்ணாடியைவிடப் பெரிதாகத் தொங்குவது ஒரு காகிதச் சுருள். படுக்கையறைச் சுவருக்கு ஒட்டியது போக மிஞ்சிய பூப்போட்ட காகிதம். அதைத் திருப்பிப் போட்டு, 1918 முதல் இன்றுவரை நடந்த தேர்தல்களையெல்லாம் எழுதி வைத்திருக்கிறான். நின்றவர் பெயர், வாங்கிய ஓட்டு, அன்றைக்கு மழையா இல்லையா. மழைக் கட்டத்தில் பெரும்பாலும் ‘ஆம்’. ஜெயித்த கட்சிக்குக் கட்டமே இல்லை. “அதுக்கு எதுக்குடா தனிக் கட்டம்? கழுதைக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி நிறுத்துனாலும் லேபர்தான் ஜெயிக்கும்” என்பான். முப்பத்தைந்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வண்டி இழுக்கும் மட்டக்குதிரை ஒன்றுக்கு யாரோ ரிப்பன் கட்டி விட்டதாகவும், அதைப் பார்த்து இரண்டு பேர் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னதாகவும் அடித்துப் பேசுவான். அந்த இரண்டு பேரில் ஒருவர் அவன் தாத்தா.

வேறு காலண்டர் அவனுக்குக் கிடையாது. “எங்க கல்யாணம் எப்பன்னு கேட்டுப் பாரு” என்பாள் அவன் மனைவி பெரில். “எழுபத்தி நாலு, ரெண்டாவது தேர்தல், லிபரல்காரன் மூணாவதா வந்தான்பாரு, அதுக்கு மறு சனிக்கிழமை, அப்படின்னுவான். தேதி தெரியாது. அன்னிக்கு நான் என்ன கவுன் போட்டிருந்தேன்னும் தெரியாது. லிபரல்காரன் பேரு மட்டும் தெரியும்.”

இப்படிப்பட்டவன் தானே ஒரு முறை நின்றான். தொண்ணூற்றேழில். நாடே ஆட்சி மாறப்போகிறதென்று கொந்தளித்துக்கொண்டிருந்தபோது ஹைடனின் கோரிக்கை ஒன்றே ஒன்று: சலூன் வாசலிலிருந்து நாற்பது கஜம் மேட்டுக்கு நகர்த்திவிட்ட பஸ் ஸ்டாப் பழைய இடத்துக்கே வரவேண்டும். அந்த பஸ்ஸை ஓட்டியவன் நான். எங்கள் ஊரில் தொழிலைச் சேர்த்துத்தான் பெயர். என்னை பஸ் இட்வால் என்பார்கள், அவனைக் கத்திரி ஹைடன். இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். ஸ்டாப்பை நகர்த்தச் சொல்லி டிப்போவுக்கு எழுதிப் போட்டதே நான்தான். அவன் கடை வாசலில் நிறுத்தினால் அந்த ஏற்றத்தில் வண்டியை மறுபடி கிளப்புவதற்குள் உயிர் போய்விடும். அது ஹைடனுக்கும் தெரியும். இருந்தும் அவன் வேட்பு மனுவில் கையெழுத்துப் போட்டேன். சிநேகிதன் ஆயிற்றே.

மனுவுக்குப் பத்துப் பேர் கையெழுத்து வேண்டும். பெரில், நான், பாதிரியார், வாடிக்கையாளர்கள் ஏழு பேர். ஆக, ஊரே கைவிட்டாலும் பத்து ஓட்டு நிச்சயம். அவனுடையதையும் சேர்த்தால் பதினொன்று. முடிவு சொல்ல வந்த அதிகாரி தொண்டையைக் கனைத்து, ‘ஹைடன் கிளெமென்ட் ப்ரோபர்ட், பத்து’ என்று முதலில் வெல்ஷில் சொன்னார். அப்புறம் இங்கிலீஷிலும் சொன்னார். ஒரே மானம் இரண்டு மொழியில் போவது எங்கள் நாட்டில் மட்டும்தான் நடக்கும்.

தோற்றதற்கு அவன் வருந்தவில்லை. இருபதாயிரத்துச் சொச்சம் வித்தியாசத்தில் தோற்றதைச் சிரித்துக்கொண்டே காகிதத்தில் ஏற்றினான். ஆனால் பத்து என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான். “பதினொண்ணுல ஒருத்தன் என் முதுகுல குத்திட்டான். அவன் யாருன்னு தெரியாம நான் சாகமாட்டேன்.”

அன்றிலிருந்து விசாரணைதான். ஆளை உட்காரவைத்து, முகத்தில் சூடான துண்டைப் போட்டு மூடி, தொண்டையில் கத்தியை வைத்துக்கொண்டு, “நீயில்லையே?” என்று கேட்பான். பாதிரியார் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்து தப்பித்தார். ஒருத்தன் ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டான். “ஊரை விட்டுப் போனதே அவனுக்குத் தண்டனை” என்று ஹைடன் அவன் பெயரைப் பட்டியலில் அடித்துவிட்டான். ஆறு பேர் காலமானார்கள். ஒவ்வொருவர் சவப்பெட்டியருகிலும் ஹைடன் நெடுநேரம் குனிந்து நின்றான். செத்தவர்களைச் சந்தேகப்படுவது பாவம் என்று அவர்களுக்கும் விடுதலை. மிச்சம் பெரிலும் நானும். “டீக்கு இன்னொரு கரண்டி சக்கரை போடும்மான்னு கேக்கும்போதுகூட ஒரு மாதிரி பாக்குறான்டா” என்று அவள் என்னிடம் அழாத குறையாகச் சொன்னாள். ஐம்பது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்தப் பார்வை வலிக்காதா?

எனக்குக் கிடைத்தது வேறு. என் இடது கிருதா வலதைவிட அரை அங்குலம் குட்டை. இருபத்தேழு வருடமாக. “கை நடுங்குதுடா” என்பான். அந்தக் கை வேறு யார் தலையிலும் நடுங்கிப் பார்த்ததில்லை. வேறு சலூனுக்குப் போகலாமே என்பீர்கள். அடுத்த சலூன் மலைக்கு அந்தப் பக்கம் பென்வெர்னில் இருக்கிறது. பென்வெர்ன்காரனிடம் தலையைக் கொடுப்பதைவிடக் கோணல் கிருதா மேல். மகள் கல்யாணப் போட்டோவில் நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதுபோல் இருப்பேன். சாயவில்லை, கிருதா அப்படி. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், “சத்தியமா உனக்குத்தான்டா போட்டேன்” என்று! மனசாட்சி உறுத்தி, போட்டதை இரண்டு முறை சரிபார்த்து மடித்தவன் நான். எனக்கு ஆத்திரம் வராதா?

போன வருடம் இடி விழுந்தது. தொகுதிகளைக் குறைக்கிறோம் என்று எங்கள் கும்ஹெஸ்கைப் பென்வெர்னோடு சேர்த்துவிட்டார்கள். பெயரும் பென்வெர்ன்தான். இனி எழுதத் தொகுதியே இல்லாமல் சுவர்க் காகிதத்தின் அடியில் இரண்டு சாண் இடம் வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்துப் பார்த்து ஹைடன் பெருமூச்சு விட்டான். அந்த நேரத்தில்தான் புறா வளர்க்கும் கெரைன்ட், ‘கும்ஹெஸ்க் பெயரைக் காப்போம்’ என்று சுயேச்சையாக நிற்க வந்தான். மனுவில் முதல் கையெழுத்து ஹைடனுடையது. “நீ கவலைப்படாதே கெரைன்ட். கையெழுத்துப் போட்டுட்டுக் கழுத்தறுக்கிற ஜாதி இல்ல நான்” என்று சொல்லி, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

ஓட்டு நாளன்று மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு ஹைடன், பெரில், நான் மூன்று பேரும் போனோம். ரக்பி கிளப்பில் பூத். மேஜையில் பெரிலின் சித்தப்பா மகள் நெரிஸ்.

“அடையாள அட்டை காட்டுங்க அத்தான்.”

“அடியே, உன் தலையில பேன் எடுத்தவன் நான். என்னைத் தெரியாதா உனக்கு?”

“தெரியும். அட்டையக் காட்டுங்க.”

முனகிக்கொண்டே முதியோர் பஸ் பாஸை எடுத்து நீட்டினான். அந்த பஸ்ஸில் அவன் இருபத்தேழு வருடமாக ஏறியதில்லை, ஸ்டாப் மேட்டில் இருப்பதால்.

அடுத்தடுத்த தடுப்புகளில் நின்றோம். ஓட்டுப் போடும்போது ஹைடனுக்கு ஒரு வழக்கம் உண்டு. பதினெட்டிலிருந்து வரிசையாக முடிவுகளை முணுமுணுப்பான், சிலர் ஜெபம் சொல்வதுபோல. “இருபத்திரண்டு, ஐயாயிரத்து அறுநூறு... இருபத்திமூணு, நாப்பத்தொண்ணு, ஆண்டவா, நாப்பத்தொண்ணு...” நூலில் கட்டிய பென்சில் சரக் சரக்கென்று இரண்டு கோடு இழுத்துப் பெருக்கல் குறி போடும் சத்தம் கேட்டது. வாய் அப்போது இருபத்துநாலில்தான் இருந்தது. காகிதத்தை மடித்துக்கொண்டு வந்தான், பெட்டியில் போட்டான், போட்ட கையாலேயே நெரிஸின் மேஜையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தான். வாசல்வரை போய், பிஸ்கட்டைக் கடித்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

“என்னாச்சு?” என்றாள் பெரில்.

“நெரிஸ், பெட்டியத் திற.”

“என்னது?”

“ஒரு நிமிஷம் திறடி. பாத்துட்டு மூடிடறேன்.”

“ராஜாவே வந்து கேட்டாலும் திறக்க முடியாது. வீட்டுக்குப் போங்க அத்தான், அக்கா பயப்படுது பாருங்க.”

வெளியே வந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. ஹைடன் தன் வலது கையை விரித்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான். “கெரைன்ட்டுக்குப் போடணும்னுதான்டா போனேன்” என்றான். “லேபரோட சிவப்பு ரோஜா சின்னத்தப் பாத்ததும் கை அது பாட்டுக்கு... எங்கம்மா கையப் புடிச்சுச் சொல்லிக் குடுத்த கை...”

“அப்ப தொண்ணூத்தேழுல?” என்றேன் நான். “அப்பவும் முணுமுணுத்துக்கிட்டேதான போட்டே?”

அவன் அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். பெரில் வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தன் குடையை அவன் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் பாதி நனைந்தாள்.

கடையைத் திறந்ததும், “உக்காரு” என்றான் என்னிடம்.

“செவ்வாய்க்கிழமைதான்டா வெட்டினே.”

“உக்காருடா.”

உட்கார்ந்தேன். துண்டைப் போர்த்தினான். ஆண்டு எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடி என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நேராக நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சீப்பை இடது கிருதாவின் நுனியில் வைத்து மூக்குக்குக் குறுக்கே படுக்கப்போட்டு வலது பக்கம்வரை அளவு பார்த்தான். பிறகு கத்திரியை எடுத்து, வலது கிருதாவில் அரை அங்குலத்தை நறுக்கினான்.