பார்க்க வந்தவர்கள் உட்காரக் கூடாது

திண்டுக்கல்லில் நான் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக இருந்த ஆஸ்பத்திரிக்கு வேரிகோஸ் லேசர் மெஷின் வந்த புதிது. லேசர் செய்துகொண்டு தானே நடந்து வீட்டுக்குப் போன பரோட்டா மாஸ்டர் சவரிமுத்துவை, மூன்றாம் நாள் ஸ்கேனுக்கு மச்சினன்மார் இருவர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பல வருஷம் அடுப்படியில் நின்றே வேலை. காலில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டு வேரிகோஸ், கணுக்காலில் ஆறாத புண். புண் ஆறும்வரை பரோட்டாக் கல் பக்கம் வரக் கூடாதென்று முதலாளி சொல்லிவிட்டார். சவரிமுத்துவுக்குத் தெரிந்த தொழிலும் அது ஒன்றுதான்.

லேசரில் பெரிய கத்தி வேலை இல்லை, தையலும் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, கெட்ட ரத்தக்குழாய்க்குள் மெல்லிய ஃபைபரை விட்டு உள்ளேயே சுட்டு மூடுவோம். இறுக்கமான ஸ்டாக்கிங் மாட்டி அன்றைக்கே நடக்கவிட்டு அனுப்புவோம். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து கட்டிவிடலாம். இதைப் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தேன்.

நல்லவேளை, ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

“நடக்கச் சொன்னோம்ல? இப்படியே கெடந்தா உசுருக்கே ஆபத்துய்யா!” என்று டாக்டர் சத்தம் போட்டார். சவரிமுத்து மண்டையை ஆட்டினார். அந்த ஆட்டலை நான் நம்பவில்லை.

சாயங்காலம் டூட்டி முடிந்து அவர் வீட்டுக்கே போனேன். நினைத்தது சரி. மனுஷன் கட்டிலில், காலுக்கு இரண்டு தலையணை. சுற்றிலும் சொந்தக்காரர்கள், சாத்துக்குடி, ரொட்டி. அவர் மனைவி மரியபுஷ்பம் என்னைத் தனியே இழுத்துப் போனார்.

“தையலைக் காட்டுன்னு கேக்குறாக சிஸ்டர். தையலே இல்ல. இதுல எந்திரிச்சு வேற நடந்தாருன்னா, வேலைக்குப் போகாம ஏமாத்துறாருன்னு பேச மாட்டாகளா?”

கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. நலம் விசாரிக்க வருகிறவர்களை நம் ஊரில் யாரால் தடுக்க முடியும்?

“பாக்க வந்தவுக யாரும் உக்காரக் கூடாது,” என்று கட்டிலருகே திரும்பி வந்து எல்லோரிடமும் சொன்னேன். “தெருமுனை டீக்கடை வரைக்கும் இவரைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. டாக்டர் உத்தரவு.” டாக்டர் அப்படியெல்லாம் உத்தரவு போடவில்லை.

“ஆபரேசன் செஞ்ச காலும்மா!” என்றார் பெரியப்பா ஒருவர்.

“அதனாலதான்யா. மொத ஆளா நீங்க கையப் பிடிங்க.”

அடுத்த முறை சவரிமுத்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்தார். “வர்றவுகல்லாம் செருப்பைக் கழட்டாம, இவரைக் கூட்டிட்டுப் போக வாசல்லயே நிக்கிறாக சிஸ்டர். அம்புட்டு டீயக் குடிச்சா சோறு எங்க எறங்கும்?” என்று மரியபுஷ்பம் அலுத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் நிம்மதி.

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன்: நோயாளியிடம் மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். வீட்டில் அவரைச் சுற்றி உட்காரப் போகிறவர்களையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

புண் ஆறி சவரிமுத்து கல்லுக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் கடைக்குப் போனேன். காலில் ரத்தம் தேங்காமலிருக்க நான் சொல்லிக்கொடுத்தபடி, மாவு வீசும்போதெல்லாம் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“பாக்க வந்தீகன்னா உக்காரக் கூடாது சிஸ்டர். சாப்புட வந்தீகன்னா உக்காருங்க.”