எர்வினின் திங்கட்கிழமை கொலாச்சி

என் கறிக்கடைக்கு வந்தால் எர்வின் ஹ்ருஸ்கா வாசலை அடைத்துக்கொண்டுதான் நிற்பான். பின்னால் யார் வந்தாலும் நகரமாட்டான். “ஒண்ணு உள்ள வா, இல்ல வெளிய போ” என்று நான் கத்தாத சனிக்கிழமை கிடையாது. அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் செய்துவருகிற வேலையே வழியை மறிப்பதுதான்.

எங்கள் டெக்சஸ் ஃபுட்பாலில் காலால் பந்தை உதைப்பது அபூர்வம். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரணியைக் கிழித்துக்கொண்டு ஓட வேண்டும். ஓடுகிறவனுக்குப் பெயர் உண்டு, பத்திரிகையில் படம் உண்டு. அவனுக்கு முன்னால் வரிசையாகக் குனிந்து நின்று, பாய்ந்து வருகிறவர்களை முட்டித் தள்ளி வழி உண்டாக்குகிற ஐந்து தடியர்களையோ, அவரவரைப் பெற்ற தாய் மட்டும்தான் பார்ப்பாள். எங்கள் காலத்தில் அந்த ஐந்து பேருக்கு நடுவில், சென்டராக, நின்றவன் எர்வின். அவனுக்கு இடது பக்கம் நான். எனக்கு எதிரே வந்தவனையும் சேர்த்து அவனே தள்ளிவிட்டு, “தூங்குறியாடா லூயி?” என்று என்னைத் திட்டுவான்.

பிறகு அதே பள்ளியில் வெல்டிங் வாத்தியார் ஆனான். அந்தத் தடியர் வரிசைக்குக் கோச்சும் அவன்தான். அவனிடம் சட்டம் ஒன்றே ஒன்று: எதிரே நிற்கிறவனைத் தொடாமல் உள்ளே விடக் கூடாது. விட்டவன் திங்கட்கிழமை எல்லோருக்கும் கொலாச்சி வாங்கிவர வேண்டும். நடுவில் பழக்கூழ் வைத்துச் சுட்ட பன் அது. எங்கள் ஊர் வெல்காவில், செக் நாட்டு வழிவந்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது இல்லாமல் பொழுது விடியாது. மேயர் மகனும் வாங்கிவந்தான், பாதிரியாரின் தம்பி மகனும் வாங்கிவந்தான். எர்வின் வாங்கியதில்லை. தான் யாரையும் விட்டதில்லை என்று மார்தட்டிக்கொள்வான்.

மனைவி ரோஸ் போய்ச்சேர்ந்த பிறகு அவனுக்கு மிச்சம் மகள் மார்லாவும் பேத்தி எம்மியும்தான். மருமகன் டிராவிஸ் எங்கள் பள்ளி அணிக்குத் தலைமைக் கோச். வீட்டில் எர்வின் அவனை மாப்ளே என்பான். மைதானத்தில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கோச் என்பார்கள், கேட்கவே சிரிப்பாக இருக்கும். புதன்கிழமைதோறும் எம்மிக்குத் தாத்தா வீட்டில்தான் சாப்பாடு. வெல்டிங் செய்து தடித்துப்போன விரல்களால் அவன் அவளுக்குப் பின்னிவிடும் சடை பார்க்கச் சகிக்காது. அவள் அதை அவிழ்க்காமல் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே போட்டுக்கொண்டு போவாள்.

இப்படி இருந்தபோதுதான் பக்கத்து ஊர் ஹார்லன் க்ரீக் எங்களைத் தொடர்ந்து தோற்கடிக்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் எதிரணியில் நான்கு பேர் தள்ளித் தள்ளி நிற்பார்கள். நடுவில் சந்து தெரியும், ஓடலாம். ஹார்லன் க்ரீக் அதை மாற்றிவிட்டது. மூன்றே பேர், மூன்று பேரும் மலை மாதிரி, நடுவில் நெருக்கியடித்து நின்று உள்வழியை அடைத்துவிடுவார்கள். மற்றவர்கள் பின்னால் இலேசாக உலாத்திக்கொண்டிருப்பார்கள். எவன் எந்தப் பக்கத்திலிருந்து பாய்வான் என்று சொல்ல முடியாது. எங்கள் ஐவரும் அந்த மூவரோடு முட்டி மோதி முடிப்பதற்குள் பின்னால் நிற்கிறவன் வந்து ஓட்டக்காரனைச் சாய்த்துவிடுவான்.

ஒரு சனிக்கிழமை மதியம் டிராவிஸ் என் கடை மேஜையில், எர்வினுக்கு முன்னால், சுட்ட சாசேஜ் மூன்றை வரிசையாக வைத்தான். அதற்குப் பின்னால் வெங்காயத் துண்டுகள். அவைதான் உலாத்துகிற ஆட்கள்.

“கோச், ஆட்டம் ஆரம்பிச்சதும் பந்த ரெண்டு ஓரத்துக்கும் எறிஞ்சுகிட்டே இருப்போம். இந்த வெங்காயமெல்லாம் ஓரத்துக்கு விலகிடும். அப்புறம், இந்த நடு சாசேஜ் இருக்கானே, இவன நாம தொடவே வேணாம்.”

“என்னது?”

“விட்டுருவோம். நேரா உள்ள வரட்டும். நம்ம சென்டர் அவனத் தாண்டிப் போய் பின்னால நிக்கிறவனப் பிடிக்கட்டும். ஓரத்துல இருந்து நம்ம ஆள் ஒருத்தன் குறுக்க ஓடிவந்து இவன விலாவுல இடிப்பான். இவன் காலி பண்ணின இடந்தான் நமக்கு வழி.”

எர்வின் அந்த நடு சாசேஜை எடுத்து வாயில் போட்டு மென்றான்.

“இப்ப அவன் இல்ல. பிரச்சினை தீந்துச்சு.”

“கோச், விளையாடாதீங்க.”

“மாப்ளே, ஆள உள்ள விடுன்னு பசங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன். வேற யாராச்சும் வந்து சொல்லட்டும்.”

வேறு யார் சொன்னாலும் அந்த ஐந்து பையன்கள் கேட்கமாட்டார்கள் என்பது டிராவிஸுக்குத் தெரியும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த வாரம் மார்லா கடைக்கு வந்தாள். எர்வின் வழக்கம்போல் வாசலில் நின்றான். நான் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அவள் நேரடியாகவே சொன்னாள்.

“அப்பா, ஹூஸ்டன் பக்கத்துல ஒரு பெரிய பள்ளிக்கூடத்துல இருந்து ஆட்டம் பாக்க வர்றாங்க. ஹார்லன் க்ரீக்க ஜெயிச்சா டிராவிஸுக்கு அங்க வேலை. தோத்தா இங்கயேதான்.”

“உனக்கு எது வேணும்?”

அவள் கண்ணாடிப் பெட்டியில் இருந்த கறியைப் பார்த்தபடி சொன்னாள். “எனக்குப் போகணும்ப்பா. உங்கள விட்டுட்டுப் போறதுதான் கஷ்டம். ஆனா போகணும்.”

“சரி” என்றான் எர்வின்.

அந்த வாரமும் பயிற்சியில் பழைய பாட்டுதான். முட்டு, தள்ளு, யாரையும் விடாதே. எனக்குப் பொறுக்கவில்லை. மைதானத்துக்கே போய்க் கேட்டுவிட்டேன்.

“எர்வின், ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. டிராவிஸ் சொல்றது தப்புன்னு வேணாங்கிறியா? இல்ல, மக போயிடுவாளேன்னு வேணாங்கிறியா?”

என்னை அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினான்.

“தெரியலடா லூயி. எனக்கே தெரியல. அதான் பயமா இருக்கு.”

அவனுக்குப் பயம் என்று ஒன்று உண்டென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் அவன் ஐந்து பேரையும் கூப்பிட்டு, நடு ஆளை விடச் சொன்னான். சென்டர் கேலப் தலையாட்டிவிட்டு வழக்கம்போலவே முட்டினான். மறுபடியும் முட்டினான். உடம்பு கேட்டால்தானே! கடைசியில் எர்வினே அவன் இடத்தில் குனிந்தான், முழங்கால் மூட்டு மளுக் மளுக்கென்று சத்தம் போட. எதிரே நின்ற பையன் பாய்ந்தான். எர்வினும் அவன்மேல் தோளை இறக்கிவிட்டான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“கோச், இத்தனை வருஷம் பிடிச்சது லேசுல விடுமா?” என்றான் கேலப்.

எர்வின் மூச்சு வாங்கியபடி மறுபடி குனிந்தான். இந்தத் தடவை பக்கவாட்டில் காலை வைத்து, அந்தப் பையனை உரசாமல் தாண்டிப் போனான். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஊரே மைதானத்தில் இருந்தது. டிராவிஸ் சொன்னபடி பந்து இந்த ஓரம், அந்த ஓரம் என்று பறந்தது. பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை, கூட்டம் முணுமுணுத்தது, என் பக்கத்து சீட்டுக்காரன் மாப்பிள்ளையை வாய்க்கு வந்தபடி ஏசினான். ஆனால் பின்னால் உலாத்துகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அகன்று நின்றார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில், இரண்டு புள்ளி பின்தங்கி இருந்தபோது, டிராவிஸ் கையைக் காட்டினான்.

நான் பந்தைப் பார்க்கவில்லை, எர்வினைப் பார்த்தேன். ஹார்லன் க்ரீக்கின் நடு மலை கேலப்பைக் கடந்து உள்ளே வந்தபோது, கோட்டுக்கு வெளியே நின்ற எர்வினின் தோள் தானாக முன்னே போனது. பல்லைக் கடித்து அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். உள்ளே வந்தவன் தன்னை யாருமே தடுக்காததில் திகைத்து அரை நொடி நின்றான். விலாவில் விழுந்தது இடி. அவன் விட்டுவந்த இடத்தில் ஒரு மாட்டு வண்டியே போகலாம். எங்கள் ஓட்டக்காரன் அதில் புகுந்து, கேலப் பிடித்து வைத்திருந்தவனைத் தாண்டி, எல்லைக்கோடு வரை நிற்கவே இல்லை.

ஊர் கூத்தாடியது. மார்லா ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். ஜெயித்ததற்கு அழுகிறார்கள் என்று பக்கத்து சீட்டுக்காரன் சொன்னான். அவனுக்கு என்ன தெரியும்!

டிராவிஸுக்கு அந்த வேலை கிடைத்து, கிறிஸ்துமஸுக்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். சாமான் வண்டி போய்விட்டது. காருக்கு முன்னால் எர்வின் வழக்கம்போல் மறித்துக்கொண்டு நின்றான். மார்லா கண்ணாடியை இறக்கினாள்.

“அப்பா, கொஞ்சம் தள்ளுங்க.”

தள்ளி நின்றான். பின்சீட்டில் எம்மி தாத்தா பின்னிவிட்ட கோணல் சடையோடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை கடை திறந்ததும் எர்வின் ஒரு பெட்டி கொலாச்சியோடு வந்தான். வாசலில் நிற்கவில்லை, நேராக உள்ளே வந்து மேஜையில் வைத்தான். ஃபுட்பால் காலம் முடிந்து, பையன்கள் வேறு வேலையைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

“இன்னிக்கு என்னடா கொலாச்சி? யாரு விட்டது?”

“நான்தான்” என்றான்.

உட்கார்ந்து சாப்பிட்டோம். ஏப்ரிகாட் பழக்கூழ் வைத்த ஒன்றை மட்டும் அவன் தனியே எடுத்துக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தான். எம்மி அதைத்தான் சாப்பிடுவாள். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, பையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு அதை வெளியே எடுத்து, காகிதத்தைப் பிரித்து, என்னிடம் நீட்டினான்.