ஹீட்டருக்குள் தங்கிய புளித்தண்ணீர்

ஒழுகல் பார்க்கும் தொழிலில் தண்ணீர் சொட்டும் இடம் ஒன்று, ஓட்டை இருக்கும் இடம் வேறு. சொந்த வண்டியோடு நடுரோட்டில் நின்றவர்களுக்கும், அந்த வண்டிக்கடியில் படுத்து முகத்தில் தண்ணீர் வாங்கியவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே இனம். அறுபதுகளில் ஜவ்வாது மலை அடிவாரத்தில், சந்தவாசலில், நான் பட்டறை வைத்திருந்தபோது நடந்தது இது.

துரை விட்டுப்போன பெட்டி

காசிம் பாய் வாணியம்பாடிக்காரர், தோல் வியாபாரி. தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும் என்பதால் சந்தவாசலில் ஒரு கிடங்கு வைத்திருந்தார். சந்தைக்குச் சந்தை ஜமுனாமரத்தூருக்குக் காரில் போவார். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கிய கார் அது. அதில் ஹீட்டர் இருந்தது. முன்சீட்டில் கால் வைக்கும் இடத்துக்கு மேலே ஒரு சின்னப் பித்தளைப் பெட்டி. இன்ஜினில் சுட்ட தண்ணீர் அதற்குள் ஓடும், பின்னால் ஒரு விசிறி அனலைத் தள்ளும்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "வேலூர் வெயிலே போதாதா பாய், இது வேற எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மூட்டுவலி எனக்குப்பா, வேலூருக்கு இல்ல."

குழம்புப் புளி

புரட்டாசியில் அந்தக் கார் மலையேறும்போதெல்லாம் கொதித்தது. ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்திருந்தது. பித்தளைச் சாமானைப் புளி போட்டுத்தானே துலக்குகிறோம், ரேடியேட்டரும் அதே ஜாதிதானே என்று எனக்கு ஒரு யோசனை. வீட்டிலிருந்து புளியை எடுத்துக் கரைத்து ஊற்றினேன். ஹீட்டருக்குப் போகும் குழாயையும் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டேன். வண்டிக்குள் அனல் தாங்கவில்லை, குழாயை மூடிவிட்டேன். பிறகு நல்ல தண்ணீர் விட்டு மூன்று தடவை அலசினேன். அழுக்கு செக்கச்செவேலென்று வந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மூடிய குழாய்க்கு அந்தப் பக்கம், ஹீட்டருக்குள், புளித்தண்ணீர் அப்படியே நின்றது. அது அன்று என் புத்திக்கு எட்டவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவி சொன்னாள்: "கொழம்புக்கு வெச்ச புளிய வண்டிக்கு ஊத்திட்டீங்க. இப்ப சோத்துக்கு இன்னா, ரேடியேட்டர் தண்ணியா?"

மார்கழிச் சந்தை

மார்கழியில் முதல் குளிர். மலைப்பாதையில் பாய் ஹீட்டர் குழாயைத் திறந்திருக்கிறார். கொதிக்கிற தண்ணீர் நேராக அவர் பாதத்தில் ஊற்றியது. மறுநாள் காலில் கட்டோடு பட்டறைக்கு வந்தார். டிரைவர் பெருமாள் கடுக்காய் மூட்டையைக் கண்ட இடத்தில் திணித்துப் பெட்டியை உடைத்துவிட்டான் என்பது அவர் முடிவு. "வண்டி ரெடியானதும் சாவிய குடுத்துட்டு போய்டு" என்றார் அவனிடம். பெருமாள் மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டுக்காரன். அவன் ஊரிலேயே லைசென்ஸ் எடுத்த முதல் ஆள் அவன்தான்.

நான் பெட்டியைக் கழற்றினேன். மூட்டை இடித்த நசுங்கல் எங்கும் இல்லை. மூட்டுகளைப் பற்றவைத்திருந்த ஈயம் அரித்துப்போயிருந்தது. முகர்ந்து பார்த்தேன். புளி!  பாயோ கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பெருமாள் என் பக்கத்தில் குந்தி மெதுவாகக் கேட்டான்: "நான் இன்னா தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுண்ணா. இன்னொரு வண்டி கெடச்சா அத பண்ணாம இருக்கறேன்."

ஊதிப் பார்த்தது

ஹீட்டரை மூலையில் போட்டுவிட்டு, அதற்கு வந்துபோகும் இரண்டு ரப்பர் குழாயையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் வண்டி ஓடும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அப்படிச் செய்யத்தான் நினைத்தேன். பாயின் முழங்காலை நினைத்து மனசு மாறி, பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, ஒரு முனையை அடைத்து மறுமுனையில் வாய் வைத்து ஊதினேன். மூன்று இடத்தில் குமிழி வந்தது. ஈயம் வைத்தேன். மறுபடி ஊதினேன். ஒவ்வொரு தடவையும் நாக்கில் புளிப்பு. பெருமாள் எனக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். சாயங்காலம் குமிழி நின்றது. அதற்குமேல் மறைக்க என்னால் முடியவில்லை. பாயிடம் போய், புளியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கத்தில் உடம்பு கூசியது.

அவர் பெருமாளைக் கூப்பிட்டார். அவன் நீட்டிய சாவியை அவன் கையிலேயே வைத்து மூடினார். "நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார் அவனிடம். என் பக்கம் திரும்பினார்: "கால் ஆறிடும்பா. காலைலேருந்து அவன் உன் எதிர்லயே நின்னான், நீ ஈயம் வெச்சிக்கினு இருந்தே. வண்டி இனிமே உன்கிட்ட வராது."

புளி போட்டால் உடனே கழுவிவிட வேண்டும் என்பது பித்தளைச் சொம்பு வைத்திருக்கும் எந்த வீட்டிலும் தெரியும்; மெக்கானிக் எனக்கு அது தெரிய ஒரு பெரியவரின் பாதமும், பெருமாளின் ஒரு முழுப் பகலும், என் நல்ல வாடிக்கையும் செலவாயின.