தலைவலி என்று சொல்லி ஏறியவள்

விபத்துக்குப் பிறகு என் கால்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. பெங்களூர் பொம்மனஹள்ளியில் நாங்கள் குடியிருந்தது மூன்றாவது மாடி; லிஃப்ட் கிடையாது. படியில்லாத வீடு தேடி அலைந்து, கடைசியில் ஆனேக்கல்லைத் தாண்டி ஒரு கிராமத்தில் கிடைத்தது. வீட்டுக்குள் சக்கர நாற்காலியில் நானே போய் வந்தேன். வாசலைத் தாண்டத்தான் வழியில்லை. பஸ்ஸில் ஏற வேண்டுமானால் இரண்டு பேர் தூக்க வேண்டும். தூக்கியவர்கள் யாரும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் புடவை விலகிவிடுமோ என்று பயந்துகொண்டே அந்நியர் கையில் தொங்குவது எனக்குப் பழகவேயில்லை. பஸ் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

அப்போதுதான் ஒரு தொண்டு நிறுவனத்தின் வேன் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு வரத் தொடங்கியது. பின்கதவைத் திறந்தால் சாய்வுப் பலகை இறங்கும், நாற்காலியோடு ஏறிக்கொள்ளலாம். வாரம் ஒருநாள், பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு மட்டும்.

வேனில் என் பக்கத்தில் கண் தெரியாத ஒரு பெண் உட்காருவாள். அடுத்த ஊர்க்காரி. தலைவலிக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொல்வாள். டாக்டர்கள் எல்லாம் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். மறுவாரமும் வந்தாள்.

"இன்னுமா விடல அந்தத் தலைவலி?" என்றேன்.

டிரைவருக்குக் கேட்காதபடி என் பக்கம் சாய்ந்தாள். "தலைவலியும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. அப்படிச் சொன்னாதானே வண்டில ஏத்துறாங்க. வீட்டுல செவுத்தத் தடவித் தடவியே பொழுது போகுது."

"நெசமா எங்க போகணும் உனக்கு?"

"பெங்களூர்லயே, விவேக் நகர். தங்கச்சி குழந்தை தவழவே ஆரம்பிச்சிருச்சாம். நான் இன்னும் தொட்டுக்கூடப் பாக்கல. அவ மாமியார் படுத்த படுக்கை, அவளால வர முடியல. அண்ணனக் கேட்டா, அடுத்த வாரம் அடுத்த வாரம்ங்கறாரு."

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது விவேக் நகர் பக்கம் போக முடியுமா என்று டிரைவரிடம் நானே கேட்டேன். அவர் கன்னடக்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார்.

"ஆகல்ல மேடம். வண்டில ஜிபிஎஸ் இருக்கு. திருப்பினா என் வேலை போயிடும்."

அவர்மேல் தப்பில்லை. அவரிடமே நம்பர் வாங்கி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், "எமர்ஜென்சியா?" என்றாள்.

"இல்லம்மா. தங்கச்சி குழந்தையப் பாக்கணும்."

"சாரி மேடம், வண்டி மெடிக்கலுக்கு மட்டும்தான்."

"அப்போ நோய் வந்தாதான் நாங்க வெளிய வரணுமா?"

கோபமாகத்தான் கேட்டேன். அதுவரை அந்தக் கேள்வியை எனக்கு நானேகூடக் கேட்டுக்கொண்டதில்லை. போனை வைத்தேன், வேன் நேராக ஊருக்கே திரும்பியது.

அன்று வேனில் இருந்த எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும், அதே தெருவிலிருந்த அந்த அலுவலகத்துக்கு எல்லோருமாகப் போனோம். ஊன்றுகோல்காரர் ஒருவர் சந்தைக்குப் போக வேண்டும் என்றார். ஒரு வயதான அம்மா கோயில் என்றார். போனில் பேசிய பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு, எங்கள் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள். "மேல பேசிப் பாக்கறேன்" என்றாள். சில வாரங்கள் இழுத்தது. கடைசியில், மாதத்தில் ஒருநாள் நாங்கள் சொல்லும் இடத்துக்கு வேன் போகலாம் என்று முடிவானது.

முதல் பயணம் விவேக் நகர். சந்து குறுகல் என்பதால் மாதா கோயில் சாலையிலேயே வண்டி நின்றது. தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே மடியில் வாங்கிய இவள் விரல்கள் நெற்றி, காது, கன்னம் என்று மெல்லப் போயின. குழந்தை வீறிட்டு அழுதது. தங்கை பதறிக் கை நீட்டினாள்.

"இருடி, அழட்டும்" என்றாள் இவள். "இவ குரல இப்பதானே கேக்கறேன்."

டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். எங்களுக்கும் வாங்கி வந்தார்.