ஈஸ்ட் ஹாமில் ஒரு ஸ்பார்ட்டா

ஈஸ்ட் ஹாமில் நாங்கள் இருந்த வீட்டில், புதிதாக வருகிறவனிடம் ‘எந்த ஊர்?’ என்று கேட்பதோடு யாரும் நிறுத்திக்கொள்வதில்லை. எந்தப் பள்ளிக்கூடம், எப்போது வெளிக்கிட்டாய், யாரோடு வந்தாய் என்று வரிசையாகக் கேட்பார்கள். சொன்ன பதிலை இன்னொருவனிடம் சரிபார்ப்பார்கள். அதற்குப் பிறகும் நம்பமாட்டார்கள். எண்பதுகளின் கடைசிப் பகுதி அது. ஊரில் ஆயுதம் தூக்கிய இயக்கங்கள் ஒன்றையொன்று தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. எங்களில் பாதிப்பேருக்கு அகதி வழக்கு முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவன் யாருக்கு என்ன சொல்லுவானோ என்ற பயத்தோடுதான் எல்லோரும் தூங்கினோம். நானும் சும்மா ஆள் இல்லை. வந்த முதல் நாளே என் பெட்டிக்குப் பூட்டு வாங்கியவன் நான்.

வீடு, நாங்கள் அண்ணை என்று கூப்பிட்டவரின் பேரில் இருந்தது. ஊரில் எஞ்சினியர். இங்கே ஓர் அலுவலகக் கட்டடத்தில் செக்கியூரிட்டி வேலை. வீட்டுச் சட்டங்களை எல்லாம் அவர்தான் போட்டார். ஹோலில் இருந்த டெலிபோனில் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகத்தான் கதைக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினால் அதில் ஏதோ கள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். ஞாயிறு மதியம் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட வேண்டும். சமையல் முறை வைத்து மாறி மாறி வரும். கறியில் உப்புக் கூடினாலும் வாயைத் திறக்காமல் தின்ன வேண்டும்.

எனக்கு ஆர்ச்வேயில் ஒரு கோழிப் பொரியல் கடையில் பகல் ஷிப்ட். செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்ததும் கடையின் பின்பக்கத்தில் சட்டையை மாற்றிக்கொண்டு, அருகில் ஒரு பழைய கட்டடத்தில் கவுன்சில் நடத்திய மாலை வகுப்புக்குப் போய்வந்தேன். அக்கவுண்டன்சி வகுப்பில் சேரத்தான் முதலில் போனேன். அங்கே இடம் இல்லை. இடம் இருந்தது பழைய கிரேக்கச் சரித்திரத்தில் மட்டும். அறையில் ஹீட்டர் நன்றாக வேலை செய்தது, சேர்ந்துவிட்டேன்.

பாடம் எடுத்தவர் மெலிந்த ஒரு வெள்ளைக்காரர். கரும்பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். ஒரு பக்கம் அதென்ஸ், மறுபக்கம் ஸ்பார்ட்டா. அதென்ஸில் நாடகம், வாதம், சந்தை, கடல் வியாபாரம். ஸ்பார்ட்டாவில் போர்ப் பயிற்சி, பொதுச் சாப்பாடு, பன்றி இரத்தமும் வினாகிரியும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்புச் சூப். யாராவது ஒரு கோடு போட்டு நல்லவர் இந்தப் பக்கம், முரடர் அந்தப் பக்கம் என்று பிரித்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். ஊரில் அப்படிப் பிரித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களில் யார் எங்கே வாழ விரும்புவீர்கள் என்று அவர் கேட்டபோது வகுப்பு முழுவதும் அதென்ஸுக்குக் கை தூக்கியது. நான் தூக்கவில்லை. என்னை அங்கே எந்த வகையில் சேர்ப்பார்கள் என்று கேட்டேன்.

அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். வெளியூர்க்காரன் அதென்ஸில் இருக்கலாம், தொழில் செய்யலாம், வரி கட்டலாம். ஆனால் அவனுக்காக ஓர் ஊர்க்காரன் பொறுப்பு நிற்க வேண்டும். சபையில் பேசவோ காணி வாங்கவோ முடியாது. ஸ்பார்ட்டாவிலோ வெளியூர்க்காரர்களை அவ்வப்போது பிடித்து ஊரைவிட்டே துரத்திவிடுவார்கள். அன்று பஸ்ஸில் வரும்போது எனக்குக் கொஞ்சம் ஆத்திரமாக இருந்தது. ஆனாலும் அடுத்த வகுப்பைத் தவறவிடவில்லை.

இதை வீட்டில் சொல்லவில்லை. எல்லோரும் கம்பியூட்டரும் கணக்கும் படிக்கிற வீட்டில், செத்துப்போன கிரேக்கரைப் படிக்கிறேன் என்று சொன்னால் நக்கலடிப்பார்கள் என்ற வெட்கம்.

மேல் அறையில் கம்பியூட்டர் படிக்கிற ஒருவன் இருந்தான். என் வயதுதான், மச்சான் என்றுதான் கூப்பிடுவான். ஒரு வியாழன் மாலை அவன் ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு மேட்டிலிருந்து ஆர்ச்வேக்கு இறங்கி வந்தபோது, பஸ் தரிப்பில் நான் அந்த ஆசிரியரோடு நின்று கதைப்பதைப் பார்த்துவிட்டான். கிட்ட வரவில்லை. நேரே வீட்டுக்குப் போய்ச் சொன்னான். கடை வேலை முடிந்த பிறகு ஆர்ச்வேயில் கோயிலைத் தவிர ஒரு தமிழனுக்கு மாலையில் என்ன வேலை? அதுவும் வெள்ளைக்காரனோடு, தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு? காலையில் ஒரு சட்டையோடு போகிறவன் இரவு வேறு சட்டையோடு வருவதை வேறு யாரோ ஏற்கெனவே கவனித்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்தால் கணக்குச் சரியாக வந்தது: நான் குடிவரவுக்காரருக்குத் தகவல் கொடுக்கிறவன்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது; அப்போது யாரும் என்னிடம் நேரே கேட்கவில்லை. நான் குசினிக்குள் போனால் கதை நின்றது. ஹோலில் டெலிபோன் மணி அடித்தால், எடுத்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பிறகு கதைக்கிறன்” என்று வைத்தான். இவர்கள் எல்லோரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று நானும் என் பெட்டிக்கு இரண்டாவது பூட்டுப் போட்டேன்.

அந்த ஞாயிறு என் சமையல் முறை. ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஆட்டிறைச்சி வாங்கி, யாழ்ப்பாணத் தூள் போட்டுக் கறி வைத்தேன். பிட்டு அவித்தேன். கத்தரிக்காய் பொரித்துக் குழம்பு வைத்தேன். சாப்பாட்டுக் கோப்பைகளை அடுக்கிவிட்டுக் கூப்பிட்டேன்.

“எனக்குப் பசி இல்லை.”

“நான் கடையிலை சாப்பிட்டிட்டன்.”

“வயிறு சரியில்லை மச்சான்.”

ஒருவரும் கோப்பையைத் தொடவில்லை. அந்த வாரம்தான் வகுப்பில் கேட்டிருந்தேன். ஸ்பார்ட்டாவில் ஒருவனைப் பொதுச் சாப்பாட்டு மேசையில் சேர்ப்பதென்றால் ஏற்கெனவே இருக்கிறவர்கள் பிசைந்த பாண் ரொட்டியில் ஆளுக்கொரு உருண்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். வேண்டாம் என்கிறவன் உருண்டையை நசுக்கிப் போடுவான். ஒரேயொரு உருண்டை நசுங்கியிருந்தால் போதும், அவன் வெளியே. என் பிட்டு ஆறிக்கொண்டிருந்தது. போக எனக்கு வேறு இடம் இருக்கவில்லை. வழக்குக்கு நான் கொடுத்திருந்த விலாசமும் அந்த வீடுதான்.

அண்ணை வந்து வாசலில் நின்றார்.

“தம்பி, நீர் வேறை இடம் பாரும். எங்களுக்குப் பிரச்சினை வேண்டாம்.”

“நான் என்ன செய்தனான் அண்ணை?”

“செவ்வாயும் வியாழனும் எங்கை போறீர்?”

“வகுப்புக்கு.”

“என்ன வகுப்பு?”

“பழைய கிரேக்கச் சரித்திரம்.”

மேல் அறைக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். “அண்ணை, பொய் சொல்லுறதெண்டாலும் நம்புற மாதிரிச் சொல்லச் சொல்லுங்கோ.”

அண்ணை சிரிக்கவில்லை. ஒரு கதிரையை இழுத்து இருந்தார். “சரி. படிச்சதைச் சொல்லும், பாப்பம்.”

அப்படி ஒரு பரீட்சையை நான் அதற்குப் பிறகு எழுதியதில்லை. நின்றபடியே சொன்னேன். அதென்ஸில் ஒருவனைப் பிடிக்கவில்லை என்றால் அவன் பெயரை உடைந்த மண்பானை ஓட்டுத் துண்டில் கீறிப் போட்டுப் பத்து வருடம் ஊரைவிட்டு அனுப்புவார்கள் என்றேன்.

“இப்ப எங்களைச் சொல்லுறாய் என்ன?” என்றான் மேல் அறைக்காரன்.

அதென்ஸில் வசதியான வீட்டுப் பெண்கள் வெளியே வருவது குறைவு, ஸ்பார்ட்டாவில் பெண்பிள்ளைகள் ஓடிப் பழகுவார்கள், மல்யுத்தம் செய்வார்கள் என்றேன். அதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஸ்பார்ட்டாவில் வயலில் உழைத்த அடிமைகளை வேவு பார்க்கவும் கொல்லவும் இளைஞரை ஒளித்து அனுப்புவார்கள் என்றேன்.

“உது எந்த இயக்கம்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “நேரா பேரைச் சொல்லன்.”

“ஐயோ, இது கிரேக்கம்!” என்று கத்தினேன். “ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின கதை!”

“அப்ப ஏன் இப்ப சொல்லுறாய்?”

எதைத் தொட்டாலும் சுட்டது. பயத்தில் நாக்குத் தடுமாறி, அடுத்ததை யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ஸ்பார்ட்டாவில் ஆண்பிள்ளைகளுக்கு ஏழு வயதானதும் தாயிடமிருந்து பிரித்துப் படையில் வளர்க்கக் கொண்டுபோய்விடுவார்கள் என்றேன்.

எல்லோரும் அண்ணையைப் பார்த்தார்கள். அண்ணையின் தம்பி பள்ளிக்கூடத்துக்குப் போனவன், புத்தகப் பையோடு இயக்கத்துக்குப் போய்விட்டான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்ணைக்கு முன்னால் யாரும் அதைப் பேசுவதில்லை. என் கதை முடிந்தது, இன்றைக்கே பெட்டியைத் தூக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அண்ணை மெல்லக் கேட்டார். “அந்தப் பெடியளின்ரை தாய்மார் என்ன சொன்னவை?”

“பெருமைப்பட்டவையாம், அண்ணை.”

“ஆர் எழுதினது?”

“வெளியூர்க்காரர். அதென்ஸ்காரர். பிறகு வந்த ஆக்கள். ஸ்பார்ட்டாக்காரர் தங்களைப் பற்றிப் பெரிசா ஒண்டும் எழுதி வைக்கேல்லையாம்.”

“தாய்மார்?”

“அவையும் எழுதேல்லை.”

அண்ணை தன் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார். “என்ரை அம்மாவும் வவுனியாவுக்கு வந்து கடையிலையிருந்து போன் எடுக்கேக்கை அப்பிடித்தான் சொல்லுறா. தம்பியை நினைக்கப் பெருமையா இருக்காம். ஒவ்வொரு முறையும் அதே சொல்லு. பக்கத்திலை ஆர் நிக்கினமோ தெரியாது.”

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் இன்னொருவருக்காக வருந்தியது அதுதான் முதல் தடவை. அண்ணை எழும்பி ஒரு கோப்பையை எடுத்துப் பிட்டைப் போட்டு, ஆறிப்போன கறியை ஊற்றிச் சாப்பிடத் தொடங்கினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். கடையில் சாப்பிட்டவன் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான்.

செவ்வாய் காலை நான் வெளிக்கிடும்போது அண்ணை கேட்டார். “அந்த வாத்தியாரிட்டை ஒருக்காக் கேளும். தாய்மார் உண்மையா என்ன நினைச்சவை எண்டு.”

கேட்டேன். அது யாருக்கும் தெரியாது என்றார் ஆசிரியர். வந்து சொன்னேன்.

“தெரியாது எண்டு சொன்னவரோ?” என்றார் அண்ணை. “அப்ப அவர் பொய்க்காரன் இல்லை. நீர் போய்ப் படியும்.”

சில வாரங்களுக்குப் பிறகு ஒரு சனி காலை டெலிபோன் அடித்தது. அண்ணைக்கு வவுனியாவிலிருந்து. நாங்கள் ஹோலில் நின்று சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். அண்ணை சட்டப்படி உரத்த குரலில் சுகம் கேட்டார், மழை கேட்டார். பிறகு, “அம்மா, பக்கத்திலை ஆரும் நிக்கினமோ?” என்றார். பதில் எங்களுக்குக் கேட்கவில்லை. அண்ணை சுவர்ப் பக்கம் திரும்பி, ரிசீவரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, குரலைத் தாழ்த்தினார். எனக்கு அவரைத் தெரிந்த காலத்தில் அவர் டெலிபோனில் மெதுவாகக் கதைத்தது அன்று மட்டும்தான்.

மேல் அறைக்காரன் என் கையைப் பிடித்து இழுத்தான். எல்லோரும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். அவன் தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டான்.